கருப்பர் கிடங்கில் முள் கூடாது

"சார், எந்த நரம்பு வாங்கலாம்னு ரெண்டே வரியில எழுதிக் குடுங்க. போர்டுல போடணும்."

என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சரண்யா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி. ஞாயிற்றுக்கிழமையானால் திருச்சியிலிருந்து பையன்கள் பைக்கில் தூண்டில் கம்பும் சக்கரமுமாக வந்து கண்மாய்க் கரையில் வரிசையாக நிற்கிறார்களாம். பிடித்த மீனோடு வீடியோ எடுக்கிறார்களாம். அறுந்த நரம்பை, அதாவது தூண்டில் இழையை, அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்களாம். அவர்களுக்குப் புத்தி சொல்லக் கரையோரம் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப் போகிறது துறை.

இரண்டு வரிதான். கொஞ்ச நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரி எழுதுவேன். எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். வாசல்வரை நடப்பேன். திரும்பி வந்து எழுதியதை அடிப்பேன். மறுபடி ஃபிரிட்ஜ். "அதுக்குள்ள மீன் கீன் வளக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள் மனைவி. மீன்வளத் துறையில் ஆய்வாளராக இருந்து, முட்டி ஒத்துழைக்காததால் ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். விருப்பம் முட்டியுடையது. மற்ற உறுப்புகளை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. அவை இன்னும் ஜீப் வருமென்று காலையில் கிளம்பி நிற்கின்றன.

படிக்க ஆசைப்பட்டது தமிழ் இலக்கியம். இடம் கிடைத்தது மீன்வளத்தில். பழைய பாட்டுகளில் வாளை துள்ளாத வயலே கிடையாது. அந்தப் புலவர்கள் எங்கள் மாவட்டத்துக்கு வந்திருந்தால் வாளையை உட்காரவைத்துத்தான் பாடியிருப்பார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குஞ்சு மீனைப் பையில் போட்டு ஆக்சிஜன் அடைத்துக் கட்டினேன், வலை காயப்போட்டேன், கட்லாவை ரோகு என்று சொல்லித் திட்டு வாங்கினேன். நீச்சல் மட்டும் கடைசிவரை வரவில்லை. புதுக்கோட்டையில் வேலை என்றதும், அங்கே மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் இருக்காது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் உதவி இயக்குநர் தமயந்தி மேடம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாம் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்பார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லமாட்டார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே மேலும் பேசி, கொஞ்ச நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடுவோம். விசாரணைக்கு இதைவிட மலிவான முறை அரசாங்கத்தில் கிடையாது.

அவருடைய ஜீப்பின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். நரம்பு பற்றி யாராவது வாயைத் திறந்தால், "வாளியைக் கொண்டாங்க" என்பார். நரம்பின் ஒரு முனையை வேப்பங்கிளையில் கட்டவேண்டும், மறு முனையை வாளியில். குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றவேண்டும். எப்போது அறுகிறது, எங்கே அறுகிறது என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் முடிச்சில்தான் அறும். எச்சில் தொட்டு ஈரமாக்காமல் இறுக்கிய முடிச்சு என்றால் சீக்கிரமே அறும். உலர்ந்த நைலான் உரசுகிற சூட்டில் தன்னையே கெடுத்துக்கொள்கிறது. பிறகு அதே நரம்பில் ஒரு துண்டை ஜீப் கூரைமேல் கட்டிவிடுவார். எங்கள் ஊர் வெயிலை அது கொஞ்ச நாள் தின்ற பிறகு மறுபடி வாளி. பாதித் தண்ணீருக்கே பட்டென்று போய்விடும். கடைக்காரர்கள் நரம்பு உருண்டையை வாசலில் தோரணமாகத் தொங்கவிடுவதைப் பார்த்தால் மேடத்தின் முகம் பல்வலி வந்ததுபோல் ஆகும்.

"மெலிசு வாங்கினா மீனுக்குத் தெரியாதுன்னு வாங்குறாங்க," என்றார் ஒருநாள். "அறுந்தா மனுஷனுக்கு ஒரு மீன் போச்சு, அவ்வளவுதான். மீனுக்கு வாயில தூண்டில் முள் நின்னுரும். அறுந்தா யாருக்கு நஷ்டம்னு யோசிச்சு நரம்பு வாங்கணும்."

இது பலகைக்குப் பொருத்தமான வரிதான். எழுதினேன். ஆனால் எழுதியதும் கருப்பர் கிடங்கு நினைவுக்கு வந்து, அதை அடித்தேன். அங்கே அறுகிற நரம்பால் அல்ல, அறாத நரம்பால் வந்தது வினை.

திருமயத்திலிருந்து உள்ளே போகும் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே போனால் இன்னும் எனக்குச் சாப்பாடு போடுகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். அம்பலம், ஊர்த் தலைவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். மொத்த ஊரும் வலை, கூடை, பழஞ்சேலை என்று கிடைத்ததோடு உள்ளே பாயும். அன்று பிடித்ததை யாரும் விற்கக் கூடாது. எல்லார் வீட்டிலும் ஒரே குழம்பு வாசம்.

ஆனால் கண்மாயின் நடுவில் ஓர் ஆழமான பள்ளம் உண்டு. கருப்பர் கிடங்கு. அதில் வலை கூடாது, முள் கூடாது, கை படக் கூடாது. அங்கே கிடக்கிற விரால்கள் கருப்பருடையவை. அவர் மீன் சாப்பிடுவாரா என்று நான் கேட்கவில்லை. மழை வந்து கண்மாய் நிறையும்போது அந்த விரால்கள் கிளம்பிப்போய்க் குஞ்சு பொரிக்கும். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு மீன் அப்படித்தான் வரும். "விதை மீனைக் காப்பாத்த இதைவிட நல்ல சட்டம் நம்ம துறையில இல்லை," என்றார் மேடம்.

அந்தச் சட்டத்தை மீறியவன் சேது. அம்பலத்தின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. சிங்கப்பூரில் வேலைபார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன், வரும்போது ஒரு கம்பும், சக்கரமும், பச்சை நிறப் பின்னல் நரம்பும் கொண்டுவந்தான். நுண்ணிய இழைகளைச் சடை பின்னுவதுபோல் பின்னிய நரம்பு அது. தலைமுடியளவு இருக்கும், ஆளைக் கட்டி இழுக்கும். ரப்பர் தவளையைக் கட்டிக் கிடங்குக்குள் வீசினான். விரால் ஒன்று கவ்விக்கொண்டு கருவேலங்கட்டைக்குள் புகுந்து சுற்றியது. சாதா நரம்பாக இருந்தால் முள்ளோரம் அறுந்திருக்கும். இது அறவில்லை. சேது சக்கரத்துப் பக்கம் வெட்டிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் அந்தக் கட்டையில் ஒரு நீர்க்காகம் கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. அதே நரம்பின் அடி முனையில் விரால் செத்துக் கிடந்தது.

அம்பலம் தீர்ப்புச் சொன்னார்: "நான் கூப்பிடுற வரைக்கும் இவன் கண்மாய்க்குள்ள கால் வைக்கக் கூடாது."

"கூப்பிடாட்டிப் போங்க," என்றான் சேது. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அம்பலத்தின் மனைவி இரண்டு வீட்டுக்கும் நடுவில் குழம்புக் கிண்ணத்தோடு போய்வந்துகொண்டிருந்தார்.

அதற்கடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வெள்ளைத் துண்டு வீச வேலையே இல்லாமல் கண்மாய் வெடித்தது. கிடங்கில் மட்டும் முழங்கால் அளவுக்குக் காப்பி நிறத்தில் தண்ணீர். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன். அதனால்தான் இன்னும் உயிரோடு கிடந்தன. சுற்றிலும் கொக்குகள் பந்திக்கு உட்கார்ந்தமாதிரி காத்திருந்தன.

அம்பலம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"எங்க அப்பாரு காலத்துலயும் பஞ்சம் வந்துச்சு. கிடங்கு வத்துனதில்ல. நான் அம்பலமா இருக்கையில கருப்பரு மீனு செத்துச்சுங்கிற பேரு வரக் கூடாதுங்க. எதாச்சும் செய்யுங்க."

மேடம் அன்றே ஜீப்பை எடுத்தார். கிடங்கைப் பார்த்தார். மீன்களை வேறு தண்ணீருக்கு மாற்றவேண்டும், இவை போனால் அடுத்த மழைக்குக் கண்மாயில் விதைக்கு விரால் இருக்காது என்றார். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில்தான். கண்மாய்க்கு மேற்புறம், வரத்து வாய்க்காலை ஒட்டி, போர் போட்டு ஒருவன் வெட்டிவைத்திருந்த பண்ணைக்குட்டை. அந்த ஒருவன் சேது.

வாய்க்கால் கண்மாயில் சேருகிற இடத்தில் ஒரு கல் நட்டிருக்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் ஊர்க் கண்மாய், இந்தப் பக்கம் சேதுவின் நிலம். பேச்சுவார்த்தை அங்கே நடந்தது. அம்பலம் கல்லுக்கு அங்கே நின்றார், சேது இங்கே. நடுவில் நான். கை நீட்டினால் ஒருவரையொருவர் தொட்டுவிடலாம்.

"சார், மீனைக் கொஞ்ச நாளைக்கு அவரு குட்டையில விட முடியுமான்னு கேளுங்க," என்றார் அம்பலம்.

"சார், எனக்குக் காது கேக்குது. கண்மாய்க்குள்ள கால் வைக்கக் கூடாதவன் குட்டையில, கண்மாய் மீனு மட்டும் வந்து குடியிருக்கலாமான்னு கேளுங்க," என்றான் சேது.

நான் அம்பலத்தின் பக்கம் திரும்பி, "அதாவது அவர் என்ன கேட்கிறாருன்னா..." என்று தொடங்கினேன்.

"கேட்டுச்சு சார். இது அவரு மீனுமில்ல, என் மீனுமில்ல. சாமி மீனுன்னு சொல்லுங்க."

"சாமி மீனுன்னா சரி. சாமிக்கும் எனக்கும் பேச்சு இருக்கு."

குட்டை கிடைத்தது. அடுத்த கேள்வி, மீனைக் கிடங்கிலிருந்து எப்படி எடுப்பது? இங்கேதான் அம்பலம் கல்லாக நின்றார். வலை கூடாது, முள் கூடாது, கை படக் கூடாது.

"பிடிக்கலன்னா செத்துருமே," என்றேன்.

"பிடிச்சா அவனுக்குச் சொன்ன தீர்ப்பு என்னாகும்? ஊருக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

மேடம் "அப்படியா?" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "நாம பிடிக்காம, அதுவா வந்தா?"

அம்பலம் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். கிடங்கைப் பார்த்தார். கரையிலிருந்த கருப்பர் அரிவாளைப் பார்த்தார்.

"அதுவா வந்தா, அது அவரு உத்தரவுங்க."

சட்டம் படித்தவர்கள் இதற்கு ஓர் அறை முழுக்கப் புத்தகம் அடுக்கியிருப்பார்கள். மேடம் வாளியைக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் யோசனை எளிமையானது. விராலுக்கு ஊசிபோல் நுண்ணிய பற்கள் வரிசையாக உண்டு. முள்ளே இல்லாமல், பல்லில் சிக்குகிற மாதிரி ஓர் இழைக் குஞ்சம் கட்டி முகத்துக்கு முன்னால் ஆட்டினால், கோபத்தில் கவ்வும். கவ்வினால் விடுவது கஷ்டம். எந்த இழை என்பதுதான் கேள்வி. அன்று நாங்கள் பார்த்த வேலை, என் பணிக்காலத்தில் நான் பார்த்த ஒரே ஆராய்ச்சி.

முதலில் சாதா நைலான் நரம்பைக் கத்தையாகக் கட்டினோம். வழுவழுப்பு, விரால் கவ்வியது, துப்பியது. பின்னல் நரம்பு நிச்சயம் சிக்கும், ஆனால் ஈறை அறுத்துவிடும். தவிர அதை எடுத்தால் அம்பலம் எங்களையும் கண்மாயைவிட்டுத் தள்ளிவைப்பார். பருத்தி நூல் தண்ணீர் குடித்துத் திரிபோல் ஒட்டிக்கொண்டது. மீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஆடு கட்டுகிற வெள்ளை நைலான் கயிறு. அதன் முறுக்கைப் பிரித்து, புரியைப் பிரித்து, சீப்பால் வாரி, நரைத்த தலைபோல் பம்மென்று வரும்வரை மேடம் விடவில்லை. குஞ்சம் தயார். அதைக் கட்டி இழுக்கிற நூலுக்கு மட்டும் தடித்த முறுக்குப் பருத்தி. அது மீனையும் வெட்டாது, என் கையையும் வெட்டாது. வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். முடிச்சு நின்றது.

"வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. தூக்கக் கூடாது. சும்மா நடந்து வாங்க," என்றார் மேடம். நான் சேற்றில் முட்டிபோட்டுக் குஞ்சத்தை ஆட்டினேன். தண்ணீர் வெடித்தது. கையில் ஒரு கனம். எழுந்து பின்பக்கமாக நடந்தேன். என் நடையைப் பார்த்துக் கரையிலிருந்து யாரோ, "சாரு மாப்பிள்ளை அழைப்புக்கு வாராரு!" என்றார்கள். விரால் வாயை இறுக்கிக்கொண்டு, சினந்த கண்ணோடு, கரையோரம் தண்ணீரில் சாய்த்துவைத்திருந்த தொட்டிக்குள், ஈரச் சாக்குவரை வந்தது. அம்பலம் குனிந்து பார்த்தார்.

"முள் இல்ல?"

"இல்லைங்க."

"கை படலல்ல?"

"சாக்குதான் பட்டுது."

"அப்ப அதுவாத்தான் வந்துருக்கு." இரண்டு கையையும் கூப்பினார், மீனைப் பார்த்தா, கருப்பரைப் பார்த்தா என்று தெரியவில்லை.

எனக்கு அங்கே ஒரு பெருமிதம் வந்தது. முள்ளே இல்லாத தூண்டில், யாருக்கும் காயமில்லை என்று. மேடம் அதை வளரவிடவில்லை. முனை மழுங்கிய கோணி ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு தொட்டி அருகே உட்கார்ந்தார். ஈரச் சாக்குக்குள் மீனின் தலையைப் பிடித்து, பல்லில் சிக்கிய இழைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். ஓர் இழை மேல்பல்லிலும் கீழ்ப்பல்லிலும் சுற்றி நின்றால் போதும், வாய் பூட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் பட்டினி கிடந்து சாகும், பார்க்கிறவனுக்கு ஒரு காயமும் தெரியாது. வந்த ஒவ்வொரு மீனுக்கும் இதே வேலை. என் முட்டி தன் முதல் விண்ணப்பத்தை அன்றுதான் கொடுத்தது. எழுந்திருக்கலாமா என்று கேட்டேன். "அப்படியா?" என்றார். உட்கார்ந்தேன்.

இதை எழுதும்போதே சரண்யாவின் பலகை குறுக்கே வந்து நிற்கிறது. முடிந்தவரை சொல்கிறேன். மீனைவிடப் பலமான நரம்பு வாங்குங்கள். மெல்லிசில் வெகுநேரம் ஆட்டம்காட்டிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைக்காது. முள்ளுக்கு மேல் ஒரு முழத்துக்கு மட்டும் கொஞ்சம் பலம் குறைந்த நரம்பைக் கட்டுங்கள். கட்டையில் சிக்கினால் அந்த முழத்தோடு போகட்டும். வெட்டிய துண்டைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே காவல் நிற்கிற விராலுக்கு எதையும் வீசாதீர்கள். எதை வீசினாலும் கவ்வும், அது உங்கள் திறமையல்ல, அதன் பெற்றமனம். இரண்டு வரியைத் தாண்டிவிட்டதா? பலகையைப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

விரால்களைத் தொட்டியில் சுமந்து கல்வரை கொண்டுபோனோம். கல்லுக்கு இந்தப் பக்கம் சேது கையில் குடத்தோடு நின்றான். "சார், அவருகிட்ட பதனமாக் குடுங்க," என்றார் அம்பலம். "சார், பதனமாத்தான் வாங்குறேன்னு சொல்லுங்க." அடுத்த மழைவரைக்கும் அந்தக் குட்டைக்கு அவன் போர்த் தண்ணீர் விட்டான். கொக்கு வராமல் மேலே வலை கட்டினான். அம்பலம் தினமும் கல்வரை நடந்து வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார். நான் அந்தப் பக்கம் போகிற நாளில் மட்டும் இருவருக்கும் உரையாடல் நடக்கும்.

மழை வந்தது. தாமதமாக வந்தாலும் கோபத்தோடு வந்தது. வாய்க்காலில் செந்தண்ணீர் ஓடி, கிடங்கு முங்கி, கண்மாயில் கால்வாசி ஏறியதாக அம்பலம் போன் செய்தார். மீனைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும். நானும் மேடமும் குடையோடு போனோம். குட்டையின் மூலையில் தண்ணீர் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள்! மழை பெய்ததுமே ஒரு ஜோடி பொரித்துவிட்டது. செக்கச்செவேலென்று ஒரு பந்துபோலத் திரண்டு மேலே வந்து காற்றுக் குடித்துக் கீழே போயின. அவற்றுக்குக் கீழே இரண்டு கறுத்த முதுகுகள்.

"இப்பக் குஞ்சம் போட்டா ஒடனே கவ்வும்," என்றேன்.

"கவ்வும். அம்மா அப்பா இல்லாத நேரத்துல இந்தக் குஞ்சை மத்த மீனெல்லாம் தின்னு தீர்த்துரும். தொடக் கூடாது," என்றார் மேடம்.

அம்பலத்தின் முகம் விழுந்தது. கல்லுக்கு அங்கே நனைந்துகொண்டே நின்றார். "சார், கருப்பரு எடத்துல தண்ணி நிக்குது, மீனு இல்ல. ஊருல கேக்குறாங்க. அவருகிட்ட என்ன செய்யலாம்னு கேளுங்க."

சேது என்னைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குட்டைக் கரையில் ஏறினான். வாய்க்கால் பக்கம் கரையை வெட்டத் தொடங்கினான். பார்த்துப் பார்த்து வெட்டி எழுப்பிய கரை. மண் சரிந்தது, குட்டைத் தண்ணீர் வாய்க்காலோடு கலந்தது.

"பிடிக்க வேணாம்னு சொல்லுங்க சார். வழி இருக்கு. போனாப் போகட்டும்."

யாரும் விரட்டவில்லை. மழையில் நின்றோம். குஞ்சைக் காக்கும் வேலை இல்லாத பெரிய விரால்கள் முதலில் போயின, செந்தண்ணீரில் வகிடு எடுத்ததுபோல் ஒவ்வொரு கோடாக. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் குடையை மடக்கினேன், விரித்தேன், மறுபடி மடக்கினேன். அப்புறம் அந்தச் சிவப்புப் பந்து வெட்டிய வாயருகே வந்து தயங்கியது. ஒரு கறுப்பு முதுகு அதன் முன்னால் போனது. பந்து நீண்டு, ஒரு கயிறாகி, வாய்க்காலுக்குள் வழிந்தது. சேது கரையோரமாக அதோடு நடந்தான், கல்வரை. கல்லிலேயே நின்றுவிட்டான். குஞ்சுகள் கண்மாய்க்குள் போய்விட்டன.

"இன்னொண்ணு எங்க?" அம்பலம் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தேடினார். அவருக்குக் கண்ணில் புரை. சிவப்புத் தண்ணீரில் கறுப்பு முதுகு எங்கே தெரியப்போகிறது. "ஜோடியில ஒண்ணுதான போச்சு? சார், தெரியுதா? மிதிச்சுத் தொலைச்சுருவேனோ?"

எனக்கும் தெரியவில்லை. மேடத்துக்கும் தெரியவில்லை.

"மச்சான், அசையாதீங்க!" சேது கத்தினான். "ஒங்க காலுக்குப் பின்னாடி, புல்லுக்குள்ள!"

அம்பலம் தூக்கிய காலை வைக்காமல் நின்றார். "எங்கிட்டு?"

"அங்கிட்டு இல்ல, இங்கிட்டு! ஐயோ, இடது கால்!"

"எங்கிட்டுடா? அங்கிட்டே நின்னு கத்துனா எனக்கு எப்படித் தெரியும்? வந்து காட்டுறா!"

சேது கல்லைத் தாண்டினான். அவன் தாண்டியதை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை. அம்பலத்தின் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்தினான். புல்லுக்குள்ளிருந்து அந்த முதுகு சரேலென்று குஞ்சுகள் போன திசையில் ஓடியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அது போவதைப் பார்த்தார்கள். அப்புறம், பேச்சை முதலில் நிறுத்தியது யார் என்று சண்டை போட்டுக்கொண்டே கிடங்கைப் பார்க்க நடந்தார்கள். என்னைக் கூப்பிட்டு எதையும் சொல்லச் சொல்லவில்லை. நான் ஓய்வுபெற்றது உண்மையில் அன்றைக்குத்தான். துறை அதைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளச் சில வருஷம் பிடித்தது.